உபகாரமும் உத்தரவாதமும்

கெட்ட எண்ணத்துடன் பிறருக்குத் தீங்கு செய்தவனை என்ன செய்வது என்பதில் உலகத்தில் அபிப்பிராய பேதம் கிடையாது. அவனைப் பிடிக்கப் போலீஸும், விசாரிக்கக் கோர்ட்டும், அடைத்து வைக்கச் சிறையும் இருக்கின்றன. ஆனால் ஜனங்களுடைய நன்மையையே நாடி ஒருவர் ஒரு காரியத்தைச் செய்து, அதனால் அந்த ஜனங்களுக்கே பெருந்தீங்கு விளைந்துவிட்டால் அதற்கு உத்தரவாதி யார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை. சர்க்காரும், தர்ம ஸ்தாபனங்களும், அயல்நாட்டு நிதிகளும் ஏழை ஜனங்களுக்கு உதவி செய்யப் போட்டி போட்டுக்கொண்டு முன்வரும் காலம் இது. பொது ஊழியத்தில் நாட்டமுள்ள இளைஞர்களும் நம்மிடையே ஏராளம். ஆகையால் இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. இதை ஆராய்வதற்கு, வங்காள தேசத்தில் தோண்டப்பட்ட குழாய்க் கிணறுகளின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் வேறு இல்லை.

1970-ல் கொடும் புயலுக்கும் 1971-ல் யுத்தத்துக்கும் இரையாகி, அதன் பின் சுதந்திரம் பெற்ற நாடு அது. தண்ணீருக்கு அங்கே பஞ்சமில்லை. நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிராமத்து ஜனங்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வந்தார்கள். அதே குளத்தில்தான் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், மாடு கழுவினார்கள். வெள்ள காலத்தில் ஊர்க் கழிவெல்லாம் அதிலே வந்து சேர்ந்தது. காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. இந்தக் கொடுமையைத் தீர்க்க ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யூனிசெப், அந்நாட்டுச் சர்க்காரின் பொதுச் சுகாதார எஞ்சினீயரிங் இலாகாவுடன் சேர்ந்து ஒரு வழி கண்டது. பூமிக்குள் குழாய் இறக்கி, கைப்பம்பு பொருத்தி, கிருமி அண்டாத நிலத்தடி நீரை ஜனங்களுக்குக் கொடுப்பது என்பதே அந்த வழி.

அந்த டெல்டாவில் பாறை கிடையாது, மணலும் வண்டலும்தான். பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மூங்கிலால் சாரம் கட்டி, நாலைந்து பேர் குழாயை மேலும் கீழும் அசைக்க, மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவன் உள்ளங்கையால் குழாய் வாயை மூடியும் திறந்தும் சேற்றை வெளியேற்ற, குழாய் தானாகவே இறங்கும். சர்க்கார் போட்ட கிணறுகளைப் பார்த்து ஜனங்களும் தங்கள் சொந்தச் செலவில் போட ஆரம்பித்தார்கள். பத்து இருபது வருஷங்களுக்குள் நாடெங்கும் குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் பெருகின. 1990-களின் முடிவில், ஜனத்தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். உலகத்தில் நடந்த சுகாதார முயற்சிகளில் இது ஒரு மகத்தான வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அப்படிக் கொண்டாடியவர்களை நாம் பரிகாசம் செய்யப் போவதில்லை. குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் உண்மையானது. குளத்து நீரில் இருந்த ஆபத்தும் உண்மையானது.

ஆனால் அந்தத் தெளிந்த நீரில் வேறொரு வஸ்து கரைந்திருந்தது. ஆர்ஸெனிக் என்று ரசாயன சாஸ்திரம் கூறும் தாது அது. நம் நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது அதிலிருந்து உண்டாவதே. யாரும் அதைக் கொண்டுபோய்த் தண்ணீரில் கலக்கவில்லை. ஹிமாலயத்திலிருந்து பல்லாயிரம் வருஷங்களாக நதிகள் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்தது அது. பிராண வாயு இல்லாத ஆழத்தில், மக்கிய தாவரப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்களின் செய்கையால் அந்தத் துரு கரைய, அதனுடன் பாஷாணமும் நீரில் கலந்துவிட்டது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. குடித்தவன் அன்றைக்கே விழுந்து சாவதுமில்லை. பல வருஷங்கள் கழித்து மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். அதற்கும் பின்னால் தோலிலும், நுரையீரலிலும், மூத்திரப் பையிலும் புற்றுநோய் வரும். இதைத் தொழுநோய் என்று பயந்து ஊரார் ஒதுக்கி வைத்ததும் உண்டு. நோய் கண்ட பெண்களுக்குக் கலியாணம் நடவாமல் போனதும், கலியாணமான பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு.

இந்தச் செய்தி எப்படி வெளியாயிற்று, எவ்வளவு மெதுவாக வெளியாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1983-ல், கல்கத்தா உஷ்ணப் பிரதேச வைத்தியக் கலாசாலையைச் சேர்ந்த தோல் நோய் நிபுணர் டாக்டர் கே. சி. சாஹா, மேற்கு வங்காளக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளிடம் இந்த வியாதியைக் கண்டுபிடித்தார். 1988 முதல் ஜாதவ்பூர் சர்வகலாசாலையின் ரசாயன ஆசிரியர் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகச் சென்று தண்ணீரைச் சோதித்து எச்சரித்துக்கொண்டே இருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே டெல்டா, அதே மணல், அதே குழாய்க் கிணறு. ஆயினும் வங்காள தேசத்தில் சாப்பாய் நவாப்கஞ்சு ஜில்லாவில் பாஷாணம் இருப்பதாகச் சர்க்கார் கண்டது 1993-ல்தான். டாக்காவில் சர்வதேச மகாநாடு கூட்டி உலகத்தார் காதில் விழும்படி சொன்னது 1998-ல். கல்கத்தாவில் முதல் நோயாளியை அடையாளம் கண்டதற்கும் டாக்கா மகாநாட்டுக்கும் இடையே பதினைந்து வருஷங்கள் சென்றுவிட்டன. அந்தப் பதினைந்து வருஷங்களிலும் புதுக் கிணறுகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

சேதத்தின் அளவு என்ன? பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவும் அந்நாட்டு எஞ்சினீயரிங் இலாகாவும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு 27-ல், அந்நாட்டுச் சர்க்கார் அனுமதித்த அளவுக்கு மேல் பாஷாணம் இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கடுமையான அளவை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 46-ல் இருந்தது. அந்த ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் 2000-ல் எழுதிய நிபுணர்கள், மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது லட்சம் ஜனங்கள் வரை ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஒரு ஜன சமூகம் இவ்வளவு பெரிய அளவில் விஷத்துக்கு ஆளானது சரித்திரத்திலேயே இல்லையென்றும், 1984-ல் போபாலில் நடந்ததும் 1986-ல் செர்னோபிலில் நடந்ததும் இதற்குச் சிறியவையே என்றும் அவர்கள் கூறினார்கள். ஆராய்ஹாஜார் என்ற பகுதியில் சுமார் 12,000 பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து 2010-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, அங்கே நிகழ்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்குத் தண்ணீரிலிருந்த பாஷாணமே காரணம் என்று முடிவு கட்டிற்று.

"யாருக்குத் தெரியும்? முன்கூட்டி அறிய முடியாத விபத்துக்கு யாரைக் குறை சொல்வது?" என்று சிலர் கேட்கலாம். அறிய முடியாத விபத்தாக இருந்தால் நாமும் விதியை நொந்துகொண்டு பேசாமலிருப்போம். ஆனால் உண்மை அப்படியில்லை. குடி தண்ணீரில் ஆர்ஸெனிக் எவ்வளவு இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1958-லேயே ஓர் எல்லை விதித்தது. 1963-ல் அந்த எல்லையை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று குறைத்தது. தைவான் தீவின் தென்மேற்கில் ஆழமான கிணற்று நீரைக் குடித்த கிராமத்தார் நாற்பதினாயிரம் பேரைப் பரிசோதித்து, ஆர்ஸெனிக்குக்கும் தோல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை வைத்தியர்கள் 1968-ல் பிரசுரித்துவிட்டார்கள். வங்காள தேசத்தில் குழாய்க் கிணற்று இயக்கம் ஆரம்பமானது அதற்குப் பிறகுதான். அளவு விதியும் இருந்தது, அனுபவமும் இருந்தது. சோதனை மட்டும் செய்யப்படவில்லை. அக்காலத்து வழக்கமான தண்ணீர்ச் சோதனையில் ஆர்ஸெனிக் சேர்ந்திருக்கவில்லை என்பது பிற்பாடு சொல்லப்பட்ட சமாதானம். கண்ணுக்குத் தெரிந்த பகை கிருமி, அதைத் தேடினார்கள், அது இல்லையென்று கண்டதும் தண்ணீர் சுத்தம் என்று தீர்மானித்துவிட்டார்கள். நல்லெண்ணமுள்ளவர்கள் சறுக்கி விழும் இடம் இதுதான். தாங்கள் தீர்க்க வந்த துன்பத்தின் மேலேயே அவர்களுக்குக் கண். தாங்கள் கொண்டுவரும் பரிகாரத்தில் துன்பம் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

பிறகு இந்த விவகாரம் கோர்ட்டுக்கும் போயிற்று. பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா 1992-ல் அந்நாட்டு நிலத்தடி நீரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்து அறிக்கை கொடுத்திருந்தது. தண்ணீரில் பல தாதுக்களைச் சோதித்த அவர்கள் ஆர்ஸெனிக்கைச் சோதிக்கவில்லை. கிராமவாசி ஒருவர், அந்த அறிக்கையினால் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்ற எண்ணம் உண்டாயிற்று என்றும், அதனால் தமக்கு நோய் வந்தது என்றும் இங்கிலாந்தில் நஷ்ட ஈடு கோரி வழக்குத் தொடுத்தார். அது அந்நாட்டின் உச்ச நீதி ஸ்தானமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 2006-ல் சபை ஏகமனதாக அவருக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. ஆராய்ச்சி செய்தவர்களுக்கு அந்நாட்டுத் தண்ணீர் விநியோகத்தின்மீது எந்த அதிகாரமும் இல்லை. வழக்காடியவருக்கும் அவர்களுக்கும் இடையே கடமை உண்டாகும்படியான நெருக்கமும் இல்லை. ஆகவே முழு விசாரணைக்கே இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் இந்தத் தீர்ப்பில் பெரிய பிழை சொல்ல முடியாது. சம்பந்தமில்லாத ஒருவர் எழுதிய அறிக்கைக்காக உலகத்திலுள்ளவர்கள் எல்லோரும் அவர்மீது வழக்குத் தொடரலாமென்றால் எந்த நிபுணனும் பேனாவைத் தொடமாட்டான். ஆனால் இதனால் ஏற்படும் நிலைமையைப் பாருங்கள். அறிக்கை எழுதியவரைக் கேட்டால், "கிணறு நாங்கள் போட்டதல்ல" என்கிறார். ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்களுக்கோ, 1946-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி கோர்ட்டுகளின் அதிகாரத்திலிருந்து விலக்கு உண்டு. சர்க்காரைக் கேட்டால் அது தன் ஏழ்மையைக் காட்டுகிறது. தன் சொந்தச் செலவில் கிணறு போட்டுக்கொண்ட குடியானவனுக்கு எதிரியாக நிறுத்த ஆளே இல்லை. கடைக்காரன் கெட்டுப்போன மாவை விற்றால் கேட்க இடமுண்டு. இனாமாகக் கொடுத்தவனைக் கேட்க இடமில்லை. வாங்குகிறவன் ஏழை என்பதாலும், கொடுக்கிறவன் தர்மவான் என்பதாலும் சாதாரண வியாபாரத்தில் இருக்கும் பந்தோபஸ்துகூட உபகாரத்தில் இல்லாமல் போய்விட்டது. நம்மைப் பொறுத்தவரை, இந்தச் சரித்திரத்தில் மிகவும் கவலைக்குரிய அம்சம் இதுவே.

விஷம் என்று தெரிந்த பின் செய்த பரிகாரங்களின் கதையும் படிப்பினை நிறைந்தது. உலக பாங்கின் கடன் உதவியுடன் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லவற்றுக்குப் பச்சையும் கெட்டவற்றுக்குச் சிவப்பும் பூசினார்கள். ஏறக்குறைய 14 லட்சம் கிணறுகள் சிவப்பாயின. காரியம் நல்லதுதான், பலர் பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்கு மாறித் தப்பினார்கள். ஆனால் சிவப்புப் பூசியவர்கள் எல்லா இடத்திலும் மாற்று வழி காட்டவில்லை. பச்சைக் கிணறு தொலைவில் இருந்த ஊர்களில் ஜனங்கள் மறுபடியும் குளத்து நீருக்கும் திறந்த கிணற்றுக்கும் போனார்கள். அல்லது தொலைவிலிருந்து கொண்டுவந்து வீட்டில் நாள் கணக்காகச் சேமித்து வைத்தார்கள். பாரிசால் பகுதியில் ஆராய்ச்சி செய்த பொருளாதார நிபுணர்கள், இப்படிக் கிணற்றைக் கைவிட்ட குடும்பங்களில் குழந்தை மரணம் உயர்ந்ததாகக் கண்டார்கள். முதல் உதவி கிருமியை விரட்டி விஷத்தைக் கொடுத்தது. இரண்டாவது உதவி விஷத்தை விரட்டிக் கிருமியைத் திருப்பிக் கொண்டுவந்தது. இதற்குள் பழைய வர்ணம் வெயிலிலும் மழையிலும் அழிந்து போயிற்று. புதிதாக இறங்கிய கிணறுகள் பலவற்றைச் சோதிப்பார் இல்லை.

ஆழக் கிணறுகள் பெரும்பாலும் விஷமற்றவை என்று கண்டு, சர்க்கார் அவற்றைப் போட்டுக் கொடுக்க முற்பட்டது. அவை எங்கே போயின? மனித உரிமைக் கண்காணிப்புச் சங்கம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் கூறுகிறது. புதிய கிணறுகளில் பாதிக்கு இடம் குறிக்கும் செல்வாக்கு பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கையில் இருந்தது. பல கிணறுகள் கட்சி ஆதரவாளர்களுடைய வீட்டு முற்றங்களில் போய் இறங்கின. விஷம் கண்டு இருபது வருஷங்களுக்குப் பின்னும் சுமார் இரண்டு கோடி ஜனங்கள் அளவுக்கு மீறிய பாஷாணத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். உபகாரம் செய்கிறவன் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்றால் அது தரகர்கள் கையில் சிக்குவது நிச்சயம்.

அயலானுடைய துன்பத்தைச் சுட்டிக்காட்டி நாம் திருப்தியடையலாகாது. மண்ணுக்குள் இருக்கும் உப்பு நமக்கும் புதிதல்ல. அந்நாளைய சென்னை மாகாணத்தில், நெல்லூர் ஜில்லாவின் கிராமங்களில், கிணற்று நீரிலுள்ள புளோரைடினால் எலும்பு வளைந்து முடமானவர்களைப் பற்றி வைத்தியர்கள் 1937-லேயே எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் அதே புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததனால்தான், காவேரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் திட்டம் 2013-ல் நிறைவேற்றப்பட்டது. மழை பொய்த்த வருஷத்தில் ஆழமாகப் போர் போட்டுக் கொடுத்துவிட்டால் நிவாரணம் முடிந்தது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. வங்காள டெல்டாவில் ஆழமற்ற கிணறு கெட்டது, ஆழக் கிணறு நல்லது. நம் கடினப் பாறைப் பிரதேசத்தில் ஆழம் அதிகமானால் ஆபத்தும் அதிகமாகலாம். ஓர் ஊரில் பலித்த பரிகாரத்தை மற்றோர் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவது மூடத்தனம். தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், நல்லது செய்வதிலும் தவறு நேரும் என்பதை அங்கே சொல்லாமல் விடவில்லை.

"இப்படியெல்லாம் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்குள் குழந்தைகள் இறந்து போவார்களே" என்ற ஆட்சேபம் கிளம்பும் என்பதை அறிவோம். அலட்சியம் செய்யத் தக்க ஆட்சேபம் அல்ல அது. ஆனால் நாம் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கிணறு போடும் செலவுடன் ஒப்பிட்டால் தண்ணீரைச் சோதிக்கும் செலவு சொற்பம். எல்லாக் கிணறுகளையும் முதல் நாளே சோதிக்க வேண்டியதுமில்லை; ஜில்லாவுக்குச் சில கிணறுகளை எடுத்து முழுச் சோதனை செய்திருந்தாலே உண்மை வெளிவந்திருக்கும். குறைந்த பட்சம் 1983-ல் கல்கத்தாவிலிருந்து எச்சரிக்கை வந்தபோதாவது விழித்திருக்கலாம். அவசரம் என்பது ஆரம்பிப்பதற்குச் சமாதானம் ஆகலாம். ஆரம்பித்து இருபது வருஷம் திரும்பிப் பாராமல் இருந்ததற்குச் சமாதானம் ஆகாது.

ஆகவே, உதவி செய்ய வருகிறவர்களிடம் சில நிபந்தனைகளைக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று வற்புறுத்துகிறோம். முதலாவதாக, கொடுக்கும் பொருளை, அதனால் தீரும் வியாதிக்காக மட்டுமன்றி, அதனால் வரக்கூடிய வியாதிக்காகவும் சோதிக்க வேண்டும். சோதனையின் முடிவை ஊரார் பாஷையில், ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்ட வேண்டும். இரண்டாவதாக, கொடுத்துவிட்டுப் போய்விடலாகாது. குறித்த வருஷங்களுக்குத் திரும்ப வந்து பார்ப்பதும் அதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்குவதும் திட்டத்தின் பாகமாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, புதிய வழி நல்லது என்று ருஜுவாகும் வரையில் பழைய வழியை அடைக்கலாகாது. பழையதைத் தீயது என்று சொல்லுகிறவர் புதியதைக் கையோடு காட்ட வேண்டும். நான்காவதாக, தீங்கு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது, யார் ஈடு செய்வது என்பது வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்படாத ஸ்தாபனமாக இருந்தால், மத்தியஸ்தர் ஒருவரையாவது ஒப்புக்கொள்ளட்டும்.

இந்த நிபந்தனைகளைக் கேட்டால் தர்மவான்கள் ஓடிப்போவார்கள் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. உண்மையான தர்மவான் ஓடமாட்டான். கேள்வி கேட்டதும் ஓடுகிறவன் தன் பெயருக்காகக் கொடுக்க வந்தவன். அவன் போவதால் நஷ்டமில்லை. ஏழைகள் கையேந்தி நிற்கிறார்கள் என்பதனால் அவர்களுக்கு வாய் இல்லை என்று நினைப்பது அகம்பாவம். குளத்து நீரைக் குடித்தவன் அதன் ஆபத்தை அறிவான்; குழாயில் வரும் நீரின் ஆபத்தை அவன் அறிய முடியாது. அதை அறியும் சாதனம் கொடுத்தவனிடம்தான் இருந்தது. அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே உத்தரவாதமும் இருக்க வேண்டும் என்பதுதான் நியாயம்.

கிராமங்களுக்குச் சென்று தொண்டு செய்யும் நமது வாலிபர்கள் சோர்வடைய வேண்டும் என்பதற்காக இவற்றை நாம் எழுதவில்லை. அவர்கள் போகட்டும், கிணறும் போடட்டும், மருந்தும் கொடுக்கட்டும், பள்ளிக்கூடமும் வைக்கட்டும். ஆனால் திறப்பு விழாவில் விழுந்த மாலையோடு தங்கள் கடமை தீர்ந்தது என்று அவர்கள் எண்ண வேண்டாம். அடுத்த வருஷம் அதே ஊருக்குப் போய், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுடைய கைகளையும் கால்களையும் பார்த்து விசாரிக்கட்டும். நல்லது நடந்திருந்தால் ஊரார் சொல்வார்கள். தீங்கு நடந்திருந்தால் அதையும் சொல்வார்கள், கேட்பதற்கு ஆள் இருந்தால்.